கட்டாய வீட்டுப்பாடம்

"அந்த பிஸ்கட்டைக் கீழே வையுங்கப்பா."

பேக்கரிக்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"உடைஞ்ச பிஸ்கட்டு கண்ணு. விக்க முடியாது."

"உடைஞ்சாலும் சர்க்கரை சர்க்கரைதான். உங்களைத் தடுக்க எனக்கு மட்டும் ஆசையா? சுகாதார வகுப்புல வீட்டுப்பாடம். வீட்டுல ஒருத்தரோட உடம்பைப் பரிட்சை வரைக்கும் கவனிச்சுக்கணுமாம். செய்யலேன்னா மார்க் போச்சு."

பள்ளியில் இறுதி வகுப்பு படிக்கும் மகளுக்கு அந்த வகுப்பைக் கண்டாலே ஆகாது. "பல் தேய்க்கத் தெரியாதவங்களா நாங்க? இதுக்கு ஒரு வகுப்பு, அதுவும் கட்டாயம்" என்று வருஷ ஆரம்பத்திலிருந்தே புலம்பல்.

மார்க் என்று சொல்லிவிட்டால் பேக்கரிக்காரர் பெட்டிப் பாம்பு. பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் டீயில் சர்க்கரை போனது. அதற்கடுத்து சாப்பாட்டில் உப்பு. அப்புறம் தினமும் சாயந்திரம், கடையில் கூட்டம் அலைமோதும் நேரமாகப் பார்த்து, பூங்காவைச் சுற்றி நடை. பக்கத்திலேயே மகளும் இயற்பியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நடந்தாள்.

வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன முதலாளி, உங்க கேக்கை நீங்களே தொட மாட்டேங்கறீங்க. உள்ளே என்ன போடறீங்க?"

வீட்டில் மனைவி வேறு. "டாக்டர் பிரஷர்னு சொன்னதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டீங்க. நான் சொன்னதை வாங்கவே இல்லை. வாத்தியார் சொன்னா மட்டும் இனிக்குதாக்கும்."

"எனக்காகவா செய்யறேன்? அவ மார்க்குக்காக."

பரிட்சை நெருங்கியது. நடையில் போன நேரத்தை ஈடுகட்ட மகள் தூக்கத்தைக் குறைத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. பேக்கரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நேரே பள்ளிக்குப் போனார்.

சுகாதார வாத்தியார் க்ரீம் பன் தின்றுகொண்டிருந்தார். இவர் கடை பன்தான். ஆளைப் பார்த்ததும் மேசைக்கடியில் தள்ளினார்.

"சார், உங்க வீட்டுப்பாடம் என் பொண்ணு உயிரை வாங்குது. பரிட்சை நேரத்துல தினம் என்னை இழுத்துக்கிட்டு நடந்தா அவ எப்பப் படிப்பா?"

"எந்த வீட்டுப்பாடம்?"

பிஸ்கட், சர்க்கரை, உப்பு, நடை என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "நான் வீட்டுப்பாடமே கொடுக்கறதில்லையே. இதுக்கு மார்க்கும் கிடையாது. வந்து உக்காந்தாப் போதும். அதுலயும் பாதிப் பேர் கணக்குப் போடுவாங்க, மீதிப் பேர் தூங்குவாங்க. உங்க பொண்ணுதான் கூட்டத்துக்குத் தலைவி. 'இந்த வகுப்பால யாருக்கு என்ன பிரயோஜனம்'னு என் மூஞ்சிக்கு நேராவே கேட்டவ. நிமிர்ந்து உக்காந்து கேட்டது ஒரே ஒரு நாள்தான். ரத்த அழுத்தம் பத்தி நடத்தின அன்னைக்கு."

பேக்கரிக்காரர் இடுப்பில் நிற்காமல் இறங்கிய பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பிரயோஜனம் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயந்திரம் மகள் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தாள். "கிளம்பலாமாப்பா?"

"இன்னைக்கு உங்க வாத்தியாரைப் பாத்துட்டு வந்தேன்."

அவள் முகம் வெளிறியது. "என்ன... என்ன சொன்னார்?"

பேக்கரிக்காரர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ரொம்பக் கறாரான மனுஷன். ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னுட்டார். ஆனா ஒண்ணு, நீ வீட்டுல உக்காந்து படிச்சு, நான் தனியா நடந்தாலும் உனக்கு முழு மார்க்காம்."