மூன்றாவது பாத்தி

அன்றைக்கென்று பார்த்து மூன்றாவது பாத்தி தளதளவென்று நின்றது.

கஷாய மேடம் தலையில் கையை வைத்துக்கொண்டார். செடி வாடினால் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். செழித்துவிட்டதே என்று அழப் பார்த்தவர் அநேகமாக அவர் ஒருத்தர்தான்.

விஷயம் இதுதான். வெள்ளரிக்குச் சாம்பல் நோய் என்று ஒன்று வரும். இலை முழுக்க மாவு கொட்டினாற்போல வெளுத்து, கொடியே காய்ந்துவிடும். கடை மருந்தை விட்டால் வழியில்லை என்று எல்லோரும் சொல்ல, பூண்டுச் சாறே போதும் என்று அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் மூன்று வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறார் மேடம். பூண்டை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, எந்த சோப்புப் போட்டாலும் கையை விட்டு வாசனை போவதில்லை. 'கஷாயம்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

கடைசிச் சோதனைக்கு மூன்று பாத்திகள். முதல் பாத்திக்கு மருந்து கம்பெனிக்காரர் தன் பவுடரைத் தானே கரைத்து அடிப்பார். இரண்டாவதுக்கு மேடத்தின் பூண்டுச் சாறு. மூன்றாவதுக்கு வெறும் தண்ணீர். தண்ணீர்ப் பாத்தி நோயில் படுக்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் பிழைத்தது மருந்தால் என்று நிரூபிக்க முடியும். இன்றைக்கு டைரக்டர் வந்து பார்த்து, ஆராய்ச்சி தொடருமா, இல்லை மேடம் பெட்டியைக் கட்டலாமா என்று சொல்லிவிடுவார்.

வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று பாத்தியையும் பார்த்தார்.

"என்னம்மா, மூணும் ஒரே மாதிரி இருக்கு? இந்த வருஷம் நோயே வரலையா?"

"வந்திருக்கு சார். வேலிக்கு அந்தப் பக்கம் பாருங்க."

வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொடிகளில் பச்சையைத் தேடவேண்டி இருந்தது.

"அப்போ வெறும் தண்ணிக்கே நோய் ஓடிடுதுன்னா, உங்க பூண்டு எதுக்கு?"

மேடம் குனிந்து மூன்றாவது பாத்தியில் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தார்.

கம்பெனிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார். "பாவம் சார். மூணு வருஷமா அடுப்படியிலயே கிடந்தாங்க. ஆனா சமையல் வேற, விஞ்ஞானம் வேற இல்லையா? என் பவுடர் பாத்தியைப் பாருங்க, ஒரு புள்ளி உண்டா? இருந்தாலும் மேடத்தை நினைச்சா எனக்கே மனசு கேக்கலை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்!

மேடம் திரும்பினார். மூன்று பாத்தியையும் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரம்மா, வாளிக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று பார்ப்பதுபோல நின்றிருந்தார்.

"அக்கா, மூணாவது பாத்திக்கு என்ன ஊத்தினீங்க?"

"தண்ணிதான் மேடம்."

"வெறும் தண்ணியா?"

"தண்ணியும்... கூடவே கொஞ்சம் கஷாயமும்."

"அக்கா!"

"மிச்சமானதைக் கீழே கொட்டிடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மண்ணுல கொட்டறதை இதுங்க மேல தெளிச்சா என்னன்னு தோணிச்சு." தோட்டக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு, மூணாவது பட்டினி கிடக்கறதை வேடிக்கை பாருன்னா யாருக்கு மேடம் மனசு வரும்? ஒரு இலை வெளுக்க ஆரம்பிச்சதும் எனக்குச் சாப்பாடே இறங்கலை."

"என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா!"

கம்பெனிக்காரருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! கைக்குட்டையைக்கூட மறந்துவிட்டார்.

"பார்த்தீங்களா சார்! ஒரு பாத்திக்கு உண்டானதை இன்னொரு பாத்தியில ஊத்தறது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்! சோதனைன்னா ஒரு நேர்மை வேணாமா? முதல்ல இந்தம்மாவை வேலையை விட்டு அனுப்புங்க!"

டைரக்டர் தலையை ஆட்டினார்.

மேடத்துக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. மூன்று வருஷ உழைப்பாயிற்றே! ஆனால் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே இறங்கிவிட்டது.

"வேண்டாம் சார். தப்பு என்மேலதான். தண்ணி ஊத்துங்கன்னு சொன்னேனே தவிர, ஏன்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஆராய்ச்சியை வேணும்னா நிறுத்திக்கறேன். அக்கா வயித்துல அடிக்காதீங்க."

"அதெப்படி?" என்று குதித்தார் கம்பெனிக்காரர். "இன்னிக்கு இவங்களை விட்டா, நாளைக்கு ஆளாளுக்குக் கைவரிசையைக் காட்டுவாங்க. பண்ணையோட பேரு என்ன ஆகறது?"

"அவர் சொல்றதும் நியாயம்தான்," என்றார் டைரக்டர். "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்மா."

தோட்டக்காரம்மா கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தடி போனவர் திரும்பி வந்தார்.

"போயிடறேன் சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. 'என் பவுடர் கேக்க மாட்டேங்குது, உங்க மேடத்துக்குத் தெரிய வேண்டாம்'னு சொல்லி, தன்னோட பாத்திக்கு அடிக்க வாரா வாரம் இந்த சார் என்கிட்ட ஒரு வாளி கஷாயம் வாங்கிட்டுப் போறாரே... இனிமே அதை அவருக்கு யாரு குடுப்பாங்க?"