நாற்பது பித்தளைப் பக்கிள்கள்

ஜன்னல் வெயிலில், நாற்பது பழைய பட்டாளத்து பெல்ட் பக்கிள்கள் நேற்றுக் கடையில் வாங்கியவை போலப் பளபளக்கின்றன. “ஒரே அழுக்குப்பா. ரெண்டு நாளா நீங்க தூங்குறப்பல்லாம் உக்காந்து தேய்ச்சேன்,” என்கிறாள் மகள், மூன்று வருடம் கழித்து வந்து, இன்று கிளம்புகிறவள். அவள் நகக்கண்களில் பாலிஷின் கறுப்பு. பித்தளையில் நூறு வருடமாகப் படிந்திருந்த கருமைக்காகத்தான் அப்பா ஒவ்வொன்றையும் தேடித் தேடி வாங்கினார். துணிகூடப் பட விட்டதில்லை. ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் யாரோ ஒரு சிப்பாய் கீறிய பெயரில் பாதியைக் காணோம். “நல்லா இருக்கும்மா,” என்கிறார். அவள் முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் ஹாரன் சத்தம். பெட்டியின் சக்கரங்கள் தடதடவெனப் படியிறங்கிப் போகின்றன. அவர் திரும்பி வந்து மேசைமுன் உட்காருகிறார். நாற்பதிலும் அவர் ஒருவர்தான் தெரிகிறார்.