ஒன்று ஐம்பது வரை

"நேத்து ஒண்ணு அம்பதுக்கு மேல ஏன் எழுதல?"

ஹரிகிருஷ்ணன் நோட்டை மேசைமேல் போட்டார். எந்த உள்ளூர்ச் செடி எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் மூன்று மாதமாக அவருடைய ஆராய்ச்சி.

"நாலு மணி வரைக்கும் எழுதணும்னு அன்னக்கிளிக்குத் தெரியாதா?"

தோட்டத்திலிருந்து நோட்டைக் கொண்டுவந்த கலியபெருமாள் நின்றுகொண்டே இருந்தார். "தெரியும் சார். என் வூட்டுக்காரி சொன்ன வேலைய சொன்ன மாதிரி செய்வா."

"பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாலித்தீன் கூடாரத்துக்குள்ள போய்ப் பாத்து எழுதிட்டு, வெளிய வந்து மர நிழல்ல உக்காரணும். இதுல என்ன கஷ்டம்?"

"முந்தாநாளு நீங்க சத்தம் போட்டீங்களாமே சார். கதவ சும்மா சும்மா தொறந்தா உள்ள சூடு எறங்கிடுதுன்னு."

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன?"

"அதான் நேத்து காலைல உள்ள போனவ, அப்புறம் கதவத் தொறக்கவே இல்ல. அங்கியே செடிங்களோட உக்காந்து எழுதியிருக்கா. சாயங்காலம் கூட்டிட்டுப் போக வந்தேன், கீழ வுழுந்து கெடந்தா. ஆஸ்பத்திரில சேத்திருக்கு. இன்னும் கண்ணு முழிக்கல. நோட்டு அவ கையிலயே இருந்துச்சு."

ஹரிகிருஷ்ணன் நோட்டை மெதுவாக எடுத்துப் பிரித்தார். கடைசி வரியில் எழுத்துகள் கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தன.

'மணி 1.50. சூடு 46. புங்கன், பூவரசு, புன்னை எல்லாம் நல்லா இருக்கு.'