முன்டயருக்கும் முப்பத்தாறு

ஒரு ஸ்கூட்டரின் முன்டயருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. காற்றடிக்கப் போனால் தனக்கு இருபத்திரண்டுதான், பின்டயருக்கோ முப்பத்தாறு.

"வழி காட்டுறது நான், ஊதிக் கொழுக்கிறது நீயா?"

"வண்டியில ஏறுற ரெண்டு பேர் பாரமும் ஒரு அரிசி மூட்டையும் என் மேலதானண்ணே உட்காருது," என்றது பின்டயர்.

"சாக்குச் சொல்லாதே."

ஒருநாள் வண்டிக்காரி செல்வநாயகி, போனில் பேசிக்கொண்டே, "ரெண்டுலயும் ஒரே அளவா அடிச்சிடுங்க," என்றாள். முப்பத்தாறும் உள்ளே இறங்கியதும் முன்டயருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னக் கல்லுக்கெல்லாம் பந்தாகத் துள்ளியது.

"அண்ணே, தரையைப் பிடிச்சு ஓடுங்க!"

"உனக்குப் பொறாமைடா. பேசாம வா."

மழை ஈரத்தில் ஒரு திருப்பம் வந்தது. விறைத்துக்கொண்டு போன முன்டயர் வழுக்க, வண்டி சாய்ந்தது. செல்வநாயகிக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு.

மெக்கானிக் முன்டயரின் காற்றை இருபத்திரண்டுக்கு இறக்கினார். பிறகு பின்டயரைத் தடவிப் பார்த்தார். சுமந்து சுமந்து அது மொட்டையாகியிருந்தது.

"இது அவ்வளவுதாம்மா. மாத்திடலாம்."

பின்டயர் கழன்று பழைய டயர்க் குவியலில் போய் விழுந்தது. அது இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்குக் காற்று ஏறும் சத்தத்தை முன்டயர் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தது.

"வந்த அன்னிக்கே முப்பத்தாறா!"