தங்கச்சி தயாரிப்பு

"இந்தத் தெருவுலயே உங்க பொண்ணோட பட்டையிலதாங்க ரசாயனம் அதிகம்."

ஆய்வுக்கூடத்துப் பெண் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. ஒரு வாரம் எங்கள் தெருக் குழந்தைகளின் மணிக்கட்டில் ரப்பர் பட்டை மாட்டியிருந்தார்கள். வீட்டுக் காற்றிலும் தரையிலும் இருக்கிற நஞ்சை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம்.

"சான்ஸே இல்லைங்க! கொசுமருந்து, சென்ட்டு எதையும் நான் வீட்டுக்குள்ள விடுறதில்ல."

"தரை துடைக்கிற மருந்து?"

"அது என் தங்கச்சி அவ கொட்டகையில தயாரிச்சு விக்கிறது. வெறும் இலைச்சாறுதான். அக்காவாச்சேன்னு எனக்கு மட்டும் தனியா, கெட்டியா போட்டுத் தருவா."

"பட்டை மாட்ட வந்தப்பவே உங்க வீட்டுலேர்ந்து கொஞ்சம் எடுத்துட்டுப் போய் அதையும் சோதிச்சுட்டோம். தொழிற்சாலை கழுவுற மருந்து கலந்திருக்கு. தவழுற குழந்தை இருக்கிற வீட்டுல அதைத் தொடவே கூடாது."

பாவம் என் தங்கச்சி! சரக்கு கொடுத்தவன் எவனோ அவள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். அவள் வீட்டிலும் தவழுகிற குழந்தை இருக்கிறதே!

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளுடைய மூத்த மகள்தான் கதவைத் திறந்தாள்.

"அம்மா எங்கடி? இந்த மருந்துல..."

பாட்டிலைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் விரித்து என்னை மறித்தாள்.

"ஐயோ பெரியம்மா, அதை வெளியவே வச்சுட்டு வாங்க! உள்ள கொண்டுவந்தா அம்மா அடிப்பாங்க. பாப்பாவுக்கு ஆகாதாம். அது விக்கிறதுக்கு மட்டும்தானாம்."