வலது கை மட்டும்

“வாப்பா, அந்த அங்கிள் ரைட் ஹேண்ட் கிளவுஸ் மட்டும்தான் எடுக்கிறாங்க. லெஃப்ட் ஹேண்டைத் திரும்ப உள்ளயே போட்டுடுறாங்க. ஏன்?”

ஒன்பது வயது ஹிஃப்ஸா காட்டிய பக்கம் பார்த்தார் சாதிக் பாட்ஷா. முகம் சுளித்தது.

“உனக்கு எதுக்கும்மா அது? வா.”

வெளியே துபாய் வெயில். மாலுக்குள் இருந்த பனி அரங்கத்தில் மைனஸ் நாலு. கிறிஸ்மஸ் சீசன் என்பதால் உள்ளே ஒரு பெரிய மரமும் நிறைய விளக்குகளும் வைத்திருந்தார்கள். ரெண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஹிஃப்ஸா பனியில் ஒரு பொம்மை செய்து, அதற்கு வாப்பாவின் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவள் உம்மா மெஹர்பானு சறுக்கி விழுந்தாள். விழுந்தவள் சிரித்து முடிக்கவே பத்து நிமிஷமானது.

எல்லாம் மகளுக்காகத்தான். ஹிஃப்ஸா பிறந்த பரக்கத்தால்தான் தொழில் வளர்ந்தது என்று சொல்லி, தன் இறக்குமதிக் கம்பெனிக்கே அவள் பேரை வைத்தவர் சாதிக் பாட்ஷா. அவள் ஸ்நோ பார்க்கணும் என்றால் மாட்டேன் என்பாரா?

கோட்டையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டிக்கெட்டோடு தரும் கையுறையை மட்டும் திரும்ப வாங்க மாட்டார்கள். வெளியேறும் வழியில் ஒரு பெரிய டப்பா இருந்தது. போகிறவர்கள் அதில் எறிந்துவிட்டுப் போனார்கள்.

அந்த டப்பாவுக்குள்தான் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் அந்த ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் முதுகை ஒட்டி நின்று, பையை முன்னால் மாட்டியிருந்தார்.

“நம்மூர் முகம் மாதிரி இருக்குங்க” என்றாள் மெஹர்பானு.

“அதான் வெக்கக்கேடு. குப்பையைக் கிளறி நம்ம ஆளுங்க மானத்தை வாங்குறான். செக்யூரிட்டிய கூப்பிடுறேன்.”

“முதல்ல ஏன்னு கேளுங்க வாப்பா!”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஹிஃப்ஸா ஓடிப் போய் டப்பா அருகில் நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

“என்னப்பா, தமிழா?”

அந்த ஆள் வெலவெலத்துப் போனார். “ஆமா பாய். பேரு கார்மேகம், முதுகுளத்தூர் பக்கம். செக்யூரிட்டிகிட்ட சொல்லிராதீங்க பாய். பிடிச்சா கம்பெனிக்குப் போன் போட்ருவாங்க. வேலை போயிரும்.”

“அங்கிள், ஏன் ரைட் ஹேண்ட் மட்டும்?”

கார்மேகம் சிரித்துவிட்டார். “நான் ஃப்ரீசர் ரூம்ல வேலை பாக்குறேன் பாப்பா. மைனஸ் பதினெட்டு. கோழிப் பெட்டி, மீன் பெட்டியெல்லாம் ஐஸ் பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். வலது கையாலதான் வெடுக்குன்னு இழுக்கணும். அதான் வலது கை கிளவுஸ் மொதல்ல கிழிஞ்சிரும். இதை உள்ளுக்குப் போட்டு, கிழிஞ்சதை அதுக்கு மேல போட்டுக்குவோம். இல்லாட்டி விரல் மரத்துப் போவும்.”

“லெஃப்டும் எடுத்துக்கலாம்ல?”

“அது நல்லாத்தானே இருக்கு பாப்பா. வேணாததை எடுத்தா திருட்டாயிரும்ல?”

சாதிக் பாட்ஷா செக்யூரிட்டியை மறந்துவிட்டார். தன் கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

“ஃப்ரீசர்ல வேலை வாங்குறவன் கிளவுஸ் தர மாட்டானா? என்ன முதலாளிப்பா அவன்? மனுசன்தானா?”

“முதலாளியை நாங்க பாத்ததில்ல பாய். கிளவுஸ் தருவாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு ஜோடி. நடுவுல கிழிஞ்சா, ரெண்டு கையும் கிழிஞ்சிருந்தாத்தான் புதுசு. ஒத்தைக் கை கிழிஞ்சா மாஃபி, கிடையாது. போன மாசம் ஆபீஸ்ல இருந்து பேப்பர் வந்து ஒட்டிட்டாங்க.”

சாதிக் பாட்ஷா சட்டென்று குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

மெஹர்பானுவுக்குத்தான் பொறுக்கவில்லை. “அல்லாவுக்குப் பயப்படாத ஆளா இருப்பான் போல! ஏன் தம்பி, எந்தக் கம்பெனி அது? எங்க வீட்டுக்காரருக்கு எல்லாரையும் தெரியும். கேக்கச் சொல்றேன்.”

“பேரெல்லாம் வேணாங்க்கா. சோறு போடுற எடம். அந்த முதலாளிக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா அப்படி விட மாட்டாரு.”

“யல்லா, நேரமாச்சு. கிளம்புங்க” என்று அவசரப்படுத்தினார் சாதிக் பாட்ஷா. கண் மட்டும் தரையைவிட்டு எழவில்லை.

“எனக்கும் டூட்டிக்கு நேரமாச்சு பாய். நல்லா இருங்க. வர்றேன் பாப்பா.”

கார்மேகம் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சுவரைவிட்டு விலகி, திரும்பி நடந்தார்.

அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த ஹிஃப்ஸா ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்தாள். படித்து முடித்ததும் துள்ளிக் குதித்தாள்.

“வாப்பா! அந்த அங்கிள் சட்டையில என் பேர் எழுதியிருக்கு!”