கோடு வளைந்த இடம்

"என்ன தங்கச்சி, விடை வந்திட்டுதோ?" அடுத்த மேசையிலிருந்து கேட்டார் முனாஸ் சேர்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு சேர்."

பச்சைப் பொய். கௌசிகாவுக்கு விடை எப்பவோ வந்துவிட்டது. நம்பத்தான் மனம் வரவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஆய்வுகூடம். மீன்பிடிப் படகின் எஞ்சினுக்குப் புது பிளாஸ்டிக் மூடி வந்திருக்கிறது. அது எத்தனை பாகைச் சூட்டில் இளகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இளகினால் நடுக்கடலில் ஆக்களின் பாடு அம்போதான்.

துண்டைச் சூடாக்கிச் சூடாக்கி, ஒளி பாய்ச்சி, நிறமாலை எடுத்தாயிற்று. அந்தத் தரவைக் கணினியில் கோடாகப் போட்டால், கோடு வளைகிற இடம்தான் இளகுகிற சூடு. இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக்கூடாது.

கௌசிகாவின் கோடு நாற்பத்தேழில் வளைந்தது.

முனாஸ் சேர் கணினியைப் பூட்டாமலே தொழுகைக்கு எழும்பிப் போனார். கௌசிகா அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள்.

எழுபத்துநாலு!

'ஐயோ! அவ்வளவு அனுபவசாலி. அவர் பிழை விடுவாரோ? நான் நேற்று வந்தனான். எல்லாரும் சிரிக்கப்போகினம்.'

தன் விடையை அழித்தாள். எழுபத்துநாலு என்று போட்டாள். நெஞ்சு குறுகுறுத்தது. போட்டது போட்டதுதான்.

மறுநாள் கூட்டம். தலைவர் ஞானசேகரம் வாயைத் திறக்குமுன் முனாஸ் சேர் எழும்பினார்.

"சேர், என்ர எழுபத்துநாலு பிழை. காலமை திரும்பப் பார்த்தனான். வேற ஒரு பிளாஸ்டிக்கின்ர தரவை மாறித் திறந்திருக்கிறன். வெட்கமாத்தான் கிடக்கு. என்னை மன்னிச்சு, தங்கச்சிட விடையை எடுங்கோ. அவ கவனமாப் பார்க்கிறவ."

'எழும்பிச் சொல்லடி, இப்பவே சொல்லு' என்றது கௌசிகாவின் மனம். அவளோ குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அதில் முகத்தைப் புதைத்தாள்.

"பிழையை ஒத்துக்கொண்டது பெரிய விஷயம், முனாஸ்" என்றபடி, கௌசிகாவின் விடையைத் திரையில் திறந்தார் ஞானசேகரம்.

எழுபத்துநாலு.

ஞானசேகரம் கௌசிகாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, வேற பிளாஸ்டிக்கின்ர சூடு உங்கட கோட்டில எப்பிடி வந்தது?"

கௌசிகா நிமிரவே இல்லை. முனாஸ் சேர் அவளைப் பார்க்க ஏலாமல், தானே களவெடுத்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.